லைன் கிளியர்: வாசகர் கேள்வி–பதில்

(சென்ற இதழில் நீடாமங்கலம் ரயில் நிலையத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார், டெல்டா பாதைகளில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற நம் பத்தியாளர். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போடச் சொல்லிவிட்டேன். ரயில்வேக்காரனுக்கு ஊர் தெரிந்தால் போதும், ஆள் எந்த வண்டிக்குக் காத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

நீடாமங்கலம் ஸ்டேஷன் இந்தியாவின் முதல் ரயில் பாதையில் இருக்கிறது என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. படிக்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. நிஜம்தானா சார்? — நீடாமங்கலம்

பெருமைக்குக் குறைச்சல் இல்லை. முதல் பாதை மட்டும் இல்லை. பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடியது 1853. நம் தென்னாட்டில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது 1856. நம்முடையது 1861. நாகப்பட்டினத்தில் கிளம்பி, திருவாரூர், கொரடாச்சேரி, நீடாமங்கலம் பக்கமாக வந்து தஞ்சாவூரைத் தொட்டது. மறு வருஷமே திருச்சிக்குப் போய்விட்டது. போட்டது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி.

இப்போது யாராவது புதுசாகப் பாதை போடுவதென்றால் சென்னையிலிருந்துதான் கோடு இழுப்பார்கள். அன்றைக்குத் துறைமுகத்திலிருந்து இழுத்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் நின்றது. உள்நாட்டில் விளைந்த நெல்லும் அரிசியும் கடலுக்குப் போகவேண்டும், இலங்கைக்கும் அக்கரைச் சீமைக்கும் போகிற ஜனங்கள் கப்பலடிக்கு வரவேண்டும். கும்பகோணம், மாயவரம் வழியாகச் சென்னைக்கு நேர்ப்பாதை கிடைத்தது 1870-களின் கடைசியில்தான். அதுவரை நீடாமங்கலத்துக்காரர் நாகப்பட்டினம் கடற்கரைக்கு சுலபமாகப் போவார், கும்பகோணத்துக்கு மாட்டு வண்டி கட்டுவார்.

இன்னொரு வேடிக்கை. 1861-ல் இங்கே போட்டது பிராட் கேஜ், அதாவது அகலப்பாதை. 1875 வாக்கில் அதைப் பெயர்த்துவிட்டு அதைவிடக் குறுகலான மீட்டர் கேஜ் ஆக்கினார்கள், செலவு மிச்சம் என்று. நூறு வருஷத்துக்கு மேல் அதில் ஓட்டிவிட்டு, இரண்டாயிரத்துக்குப் பிறகு மறுபடி பிராட் கேஜ். பிராட் கேஜ் வந்த அன்று பிளாட்பாரத்தில் இனிப்பு கொடுத்து, ‘நீடாமங்கலத்துக்கு முதன்முதலாக அகலப்பாதை’ என்று ஒருவர் மைக்கில் பேசினார். நான் ஜிலேபியை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டியே இல்லை, கேட்டை மட்டும் சாத்தி வைத்திருக்கிறார்கள். தினமும் காலேஜுக்கு லேட். நீடாமங்கலம் கேட் கீப்பருக்கு எங்கள் மேல் என்ன கோபம்? — மன்னார்குடி, மாணவி

அவருக்கு யார் மேலும் கோபம் கிடையாதம்மா. உங்கள் வசவையெல்லாம் தினமும் வாங்கிக்கொள்வதும் அவர்தான். கேட் தன்னிஷ்டத்துக்குச் சாத்துகிற சமாச்சாரம் இல்லை. எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், பிறகு திட்டுங்கள்.

வண்டி பக்கத்து ஸ்டேஷனில் இருக்கும்போதே அந்த ஸ்டேஷன் மாஸ்டர் இங்கே லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்ப அனுமதி, கேட்பார். கொடுத்ததும் இங்கே ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுக்கு போன் போடுவார். ‘கேட்டை அடைங்க, தஞ்சாவூர் பக்கத்திலிருந்து வண்டி.’ கேட் கீப்பர் இரண்டு பக்கமும் பார்த்து, நடுவில் மாட்டிக்கொண்ட ஆட்டோவை வெளியே தள்ளி, தடுப்பை இறக்கிப் பூட்டிவிட்டு, தன் புத்தகத்தில் இருக்கிற ஒரு இரண்டு இலக்க எண்ணைச் சொல்வார். அதற்குப் பிரைவேட் நம்பர் என்று பெயர். ‘அடைச்சாச்சு சார்’ என்ற வாய் வார்த்தை செல்லாது. அந்த நம்பரைச் சொன்னால்தான் அடைத்ததாகக் கணக்கு; இருவரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ‘ம்’ கொட்டி உயிர் போகக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

இதற்கு மேல் பூட்டுக்கும் சிக்னலுக்கும் முடிச்சு உண்டு. கேட் பூட்டாத வரை சிக்னல் விழாது. சிக்னல் விழுந்துவிட்டால், வண்டி தாண்டுகிற வரை கேட்டைத் திறக்க முடியாது. வேகமாக வருகிற வண்டி பிரேக் போட்டாலும் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு ஓடித்தான் நிற்கும். அதனால் டிரைவருக்கு வெகு தூரத்திலேயே பச்சை தெரியவேண்டும். அப்படியானால் அதற்கும் முன்னாலேயே கேட் பூட்டியிருக்கவேண்டும். நீங்கள் ஸ்கூட்டியில் உட்கார்ந்து வெறும் தண்டவாளத்தைப் பார்க்கிற அந்த நேரத்தில், அடுத்த ஊர்த் தென்னந்தோப்புக்குப் பின்னால் வண்டி வந்துகொண்டிருக்கும்.

நீடாமங்கலத்துக்கென்று தனிச் சங்கடமும் இருக்கிறது. மன்னார்குடிப் பாதை பிரிகிற ஜங்ஷன் இது. சரக்கு வண்டி ஷண்டிங், இன்ஜினை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் கொண்டுபோய் மாட்டுவது எல்லாம் ஊருக்கு நடுவே, தஞ்சாவூர்–நாகப்பட்டினம் ரோட்டின் மேலேயே நடக்கும். ஒரு வண்டிக்காகச் சாத்தியதைத் திறப்பதற்குள் அடுத்ததுக்கு லைன் கிளியர் வந்துவிட்டால், உங்கள் பாடு கஷ்டம்தான். இதற்கு மருந்து மேம்பாலம். ஊரே அதற்குத்தான் காத்திருக்கிறது. அதுவரை கேட்டடியில் கடலை விற்கிறவருக்குப் பிழைப்பு ஓடும்.

ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறார்களே, எதற்கு? — கொரடாச்சேரி

பாதை போடும்போது மேடு பள்ளம் கணக்கிட எடுத்த அளவு, பலகையில் தங்கிவிட்டது. ஆனால் டெல்டாவில் ஜன்னலோரமாக உட்கார்ந்து அதை மட்டும் படித்துக்கொண்டே போங்கள். தஞ்சாவூரில் ஐம்பது மீட்டருக்கு மேல் இருக்கும். கிழக்கே போகப்போகக் குறைந்து, நாகப்பட்டினத்தில் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும். சுமார் 80 கிலோமீட்டரில் அவ்வளவுதான் சரிவு. அந்தச் சரிவில்தான் வெண்ணாறும் வெட்டாறும் ஓடம்போக்கியும் வாய்க்கால்களும் கடைமடை வரை போயாகவேண்டும். நம் பாதையில் பாலமும் மதகும் இத்தனை இருப்பது அதனால்தான். கரை போட்டுத் தண்டவாளத்தை உயர்த்திவிட்டுக் கீழே தண்ணீர் போகக் கண் விடாவிட்டால், ஐப்பசி மழையில் ஒரு பக்கத்து வயலெல்லாம் ஏரி ஆகிவிடும்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு அட்டை டிக்கெட் கிடைத்தது. ஒரு மூலை வெட்டியிருக்கிறது. எலி கடித்ததா, வேண்டுமென்றே வெட்டியதா? அதில் நாலைந்து இலக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கிறது. — திருவாரூர், வாசகி

எலி இல்லை அம்மா, புக்கிங் கிளார்க். அது அரை டிக்கெட். உங்கள் தாத்தாவோடு ஒரு குழந்தை போயிருக்கிறது. ஒருவேளை உங்கள் அப்பாவோ அத்தையோ. வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

எட்மண்ட்சன் என்ற இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்த அட்டை அது. கிட்டத்தட்ட 57 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம். உலகம் பூராவும் அதே அளவு. கவுண்டருக்குள்ளே மர அலமாரியில் ஊருக்கு ஒரு குழாய் மாதிரி அறை. சின்ன எண் கீழே, பெரிய எண் மேலே. கீழேயிருந்துதான் உருவ வேண்டும். உருவினால் அடுத்தது தானாக இறங்கும். அதைத் தேதி மெஷினின் வாயில் செருகி ஒரு இடி இடித்தால் அன்றைய தேதி அட்டையில் பதிந்துவிடும். ‘டக் டக்’ என்ற அந்தச் சத்தம் கேட்டால் வண்டி வரப்போகிறது என்று வெளியே டீக்கடையில் பாலைக் காய்ச்சுவார்கள்.

குழந்தைக்கு என்றால் அட்டையின் மூலையைக் குறுக்கே வெட்டிக் கொடுப்போம். வெட்டிய துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டால் தொலைந்தோம். அது கணக்கோடு போகவேண்டும். ‘இந்த நம்பருக்கு அரைக் கட்டணம்தான் வாங்கினேன்’ என்பதற்கு அந்தத் துண்டுதான் சாட்சி.

அந்த எண்ணில்தான் எங்கள் பிழைப்பே இருந்தது. டூட்டிக்கு வந்தவுடன் ஒவ்வொரு ஊர்க் குழாயிலும் அடியில் என்ன நம்பர் நிற்கிறது என்று எழுதுவோம். அது கமென்சிங் நம்பர். டூட்டி முடியும்போது நிற்பது குளோசிங் நம்பர். கழித்துப் பார்த்தால் அந்த ஊருக்கு எத்தனை டிக்கெட் போயிற்று என்று வரும். கட்டணத்தால் பெருக்கினால் பணம். அதுதான் பெட்டியில் இருக்கவேண்டும். அட்டை இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாக வந்துவிட்டால், அந்த ஒரு டிக்கெட் காசு எங்கள் கையிலிருந்து. மழைக்காலத்தில் அட்டை ஈரம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். கார்த்திகை முழுக்க ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்துப் பார்த்துத்தான் கொடுப்பேன். ‘என்ன சார், தங்கமா உரசிப் பாக்கறீங்க?’ என்று ஒரு சம்சாரி கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் வந்தபிறகு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை, காகிதம் மட்டும் ஒரு மாசத்தில் வெளுத்துவிடுகிறது. உங்கள் பேரப்பிள்ளைக்குப் பெட்டியில் எடுத்துப் பார்க்க எதுவும் இருக்காது. அந்த அட்டையை லேமினேட் செய்யாதீர்கள். டைரிக்குள் வைத்தால் போதும்.

ஸ்டேஷன் மாஸ்டருக்கு நைட் டூட்டியில் தூக்கம் வராதா? — வலங்கைமான்

வரும். போனும் வரும்.

சின்ன வயதில், ஓடுகிற ரயிலிலிருந்து ஒரு பெரிய பிரம்பு வளையத்தை வீசுவார்கள், பிளாட்பாரத்தில் ஒருவர் இன்னொரு வளையத்தை நீட்டுவார். அது என்ன விளையாட்டு என்று இன்றுவரை தெரியாது. — பாபநாசம், வாசகி

அந்த விளையாட்டால்தான் வண்டியோடு வண்டி மோதாமல் இருந்தது. வளையம் வெறும் பிடிதான். அதில் தொங்குகிற தோல் பைக்குள் ஒரு எஃகுப் பந்து இருக்கும். அதுதான் டோக்கன்.

ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்கு இரண்டு ஸ்டேஷனிலும் ஆளுக்கொரு பெட்டி, நடுவில் மின்கம்பி. உள்ளே பந்துகள். அந்தப் பக்கத்து மாஸ்டர் சம்மதித்தால்தான் இந்தப் பக்கம் ஒரு பந்து உருண்டு வெளியே வரும். வந்துவிட்டால், அது மறுபடி ஏதாவது ஒரு பெட்டிக்குள் விழுகிற வரை இரண்டு பெட்டியும் இறுகிப்போகும். அடித்தாலும் இன்னொரு பந்து வராது. டிரைவர் கையில் பந்து இருந்தால் பாதை அவருடையது. அடுத்த ஸ்டேஷனில் அதைக் கொடுத்துவிட்டு, அதற்கடுத்த பகுதிக்கு வேறு பந்து வாங்கிக்கொள்ள வேண்டும். நிற்காத வண்டி என்றால் ஓட்டத்திலேயே கொடுக்கல் வாங்கல். ராத்திரியில் வளையம் நீட்டுகிற பாயிண்ட்ஸ்மேன் பக்கத்தில் தீப்பந்தம் எரியும், அப்போதுதான் டிரைவருக்குத் தெரியும். வளையத்துக்குள் கையை விட்டு வாங்குகிறவருக்கு முழங்கைக்கு மேல் எப்போதும் ஒரு கன்றிய தழும்பு இருக்கும். மீட்டர் கேஜ் காலத்தில் இன்ஜினுக்குக் கரி போட்ட ஃபயர்மேன் யாரையாவது பார்த்தால் சட்டைக் கையை மடக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு சின்ன ஸ்டேஷன், பெயர் வேண்டாம். பிளாட்பாரத்தை ஒட்டியே வயல். குறுவை நடவு நடக்கிறது. எக்ஸ்பிரஸிலிருந்து வீசின வளையம் பிளாட்பார முனையில் பட்டுத் துள்ளி, பையின் வார் அறுந்து, பந்து எகிறி நேராக நடவு வயலுக்குள் போய் விழுந்தது. சேற்றில் ஒரு ‘தொபுக்’. அவ்வளவுதான். பெட்டி இரண்டும் பூட்டிக்கொண்டது. அடுத்த ஸ்டேஷனில் ஒரு பாசஞ்சர் வண்டி ஜனத்தோடு நிற்கிறது. டோக்கன் இல்லாவிட்டால் காகிதத்தில் எழுதி வண்டி விட வழியிருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் கேட்கிற கேள்விகளுக்கும் பின்னால் வருகிற விசாரணைக்கும் பயந்து, நானும் பாயிண்ட்ஸ்மேனும் பேண்ட்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினோம். நட்ட பயிரை மிதிக்கிறோம் என்று நடவுக்காரப் பெண்கள் ஒரே சத்தம். விஷயத்தைச் சொன்னதும் அவர்களில் மூத்தவர், ‘சும்மா நில்லுங்க அய்யா, கலக்காதீங்க’ என்று எங்களை வரப்பில் ஏற்றிவிட்டார். எல்லாரும் வரிசையாகக் குனிந்து, நடுகிற மாதிரியே விரலைச் சேற்றில் விட்டுப் பின்னோக்கி வந்தார்கள். வயலில் பாதி தூரம் வருவதற்குள் பந்து கிடைத்துவிட்டது. கழுவித் துடைத்துப் பெட்டியில் போட்டேன், மணி அடித்தது. அந்தப் பாட்டிக்கு வெற்றிலை சீவல் வாங்கிக் கொடுத்தேன். ‘ஒரு குண்டுக்காடா ரயிலு நிக்கும்?’ என்று பேத்தியிடம் சொல்லிச் சிரித்தார்.

இப்போது பந்தும் இல்லை, வளையமும் இல்லை. வண்டியின் சக்கரங்களை எண்ணுகிற கருவி தண்டவாளத்திலேயே இருக்கிறது. உள்ளே போன சக்கரம் அத்தனையும் வெளியே வந்ததா என்று அதுவே பார்த்துக்கொள்கிறது.

மெயின் லைன் என்று பெயர், ஆனால் தென் மாவட்ட எக்ஸ்பிரஸ்களெல்லாம் விருத்தாசலம் வழியாகப் போகின்றன. நமக்கு ஏன் இந்த வஞ்சனை? — கும்பகோணம்

வஞ்சனை இல்லை, வாய்ப்பாடு. சென்னையிலிருந்து திருச்சிக்கு விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் சுமார் 400 கிலோமீட்டர். 1920-களின் கடைசியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகக் கார்டு லைன் (chord line), அதாவது குறுக்குப் பாதை, போட்டார்கள். அதில் போனால் சுமார் 65 கிலோமீட்டர் மிச்சம். மதுரைக்காரருக்கும் திருநெல்வேலிக்காரருக்கும் கும்பகோணம் டிகிரி காபிக்காகச் சுற்றிக்கொண்டு வரவேண்டும் என்று என்ன தலையெழுத்து? அது போதாதென்று அந்தப் பாதை இரட்டைப் பாதை ஆகிவிட்டது.

எனக்கு இதில் வருத்தம் வேறு. வேகமாகப் போகிறவன் கார்டு லைனில் போகட்டும். ஆனால் ஊருக்கு ஊர் நிற்கிற வண்டி நமக்குப் போதுமான அளவு வேண்டும். ஆடுதுறைக்காரர் கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குப் போவதும், குத்தாலத்துப் பிள்ளை மயிலாடுதுறையில் படிப்பதும், சீர்காழி அம்மா வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போவதும் மெயின் லைன்தான். அந்த வண்டிகளை எண்ணிப் பாருங்கள், வஞ்சனை எங்கே என்று தெரியும்.

மன்னார்குடிப் பாதையைப் பிடுங்கிப் போட்டதையும் பார்த்தேன், மறுபடி போட்டதையும் பார்த்துவிட்டேன். இப்படி மூடின பாதை உயிர்த்தெழுவது நம் பக்கம் மட்டும்தானா? — மன்னார்குடி, மூத்த வாசகர்

நம் பக்கம் கொஞ்சம் அதிகம் என்றுதான் சொல்லவேண்டும் ஐயா. உங்கள் ஊர்ப் பாதையை எழுபதுகளில் நஷ்டம் என்று மூடினார்கள். ஒரு தலைமுறை பஸ்ஸிலேயே வளர்ந்தபிறகு, 2011 செப்டம்பரில் மன்னை எக்ஸ்பிரஸ் கிளம்பியது. 2025 மே மாதம் அம்ருத் பாரத் திட்டத்தில் புதுப்பித்த நிலையங்களைத் திறந்தபோது அதில் மன்னார்குடியும் ஒன்று. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் பக்கம் அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர். உப்பு ஏற்றிய பாதை. அகலப்பாதை ஆகி 2023 ஏப்ரலில் திரும்ப ஓடத் தொடங்கியது. பேரளம்–காரைக்கால் பாதை பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1898-ல் வந்தது. எண்பதுகளில் மூடி, இப்போது தண்டவாளம் திரும்ப வந்திருக்கிறது. மயிலாடுதுறை–தரங்கம்பாடிக்கு மட்டும் இன்னும் விடியவில்லை.

இதைச் சொல்லும்போது நம் ஜில்லாவின் ஒரு பழைய சங்கதி. மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு 1894-ல் ஓடிய பாதைக்குக் காசு போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு சேர்த்து ரயில்வேக்கென்று ஒரு செஸ் வசூலித்துச் சேர்த்த பணம் அது. மிராசுதார் முனகிக்கொண்டே கட்டியிருப்பார், ஆனால் கட்டினார். ‘எங்க பாட்டன் காசுல போட்ட லைன்’ என்று அந்தப் பக்கத்தில் யாராவது உங்களிடம் சொன்னால் சிரிக்காதீர்கள்.

நீடாமங்கலத்தில் கூட்டம் எப்போது அதிகம்? — ஆலங்குடி

உங்கள் ஊர் குரு பகவான் பெயர்கிற அன்றைக்கு. அதற்கடுத்து வேளாங்கண்ணித் திருவிழா, நாகூர் கந்தூரி. ஆவணியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் கால் வீங்கித் திரும்ப ரயிலில்தான் வருவார்கள். பிளாட்பாரம் முழுக்கத் தைல வாசனை.

நெல் ஏற்றுவதைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்களே! அதுதானே நம் ஸ்டேஷனுக்குச் சோறு போடுவது. — அம்மாபேட்டை

ஒப்புக்கொள்கிறேன், கேளுங்கள். கொள்முதல் நிலையத்தில் சாக்குக்கு 40 கிலோ பிடிப்பார்கள். நாங்கள் சிப்பம் என்போம். ஆயிரம் டன் நெல் என்றால் 25,000 சிப்பம். ஒரு முழு சரக்கு வண்டிக்கு 42 வேகன், அதாவது இரண்டாயிரம் டன்னுக்கு மேல். அத்தனையும் மனுஷன் முதுகில்தான் ஏறுகிறது. லாரி ஸ்டேஷன் யார்டுக்குள் வந்து வேகன் வாசலோடு ஒட்டி நிற்கும். ஒருவர் கொக்கியால் இழுத்துத் தூக்கிவிடுவார், ஒருவர் முதுகு கொடுப்பார், உள்ளே ஒருவர் அடுக்குவார். முதுகு கொடுக்கிறவர் தலையில் சாக்கையே மடித்துக் கொங்காணி போட்டிருப்பார். நெல் சுனை அப்படி அரிக்கும். வேகனுக்குள் காற்று கிடையாது, தூசி மட்டும்தான். உள்ளே அடுக்குகிறவரை மணிக்கொருதரம் மாற்றிக்கொள்வார்கள்.

இத்தனை மணிக்குள் ஏற்றி முடிக்கவேண்டும் என்று ரயில்வே நேரம் கொடுக்கும். தாண்டினால் டெமரேஜ் என்று அபராதம். லாரி வராமல் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அபராதம்தான், மழை வந்தால் சண்டைதான். சம்பா அறுவடை நேரத்தில், தை மாசியில், ஒரு வண்டி கிளம்பின தடத்திலேயே அடுத்தது வந்து நிற்கும். யார்டில் சிந்தின நெல்லைப் பொறுக்கப் புறாக்கூட்டமும் மயிலும் வரும். பயணிகளுக்கு அது யார்டு என்றே தெரியாது. பாசஞ்சர் வண்டி ஜன்னலில் பார்த்து, ‘ஏன் இங்கே இவ்வளவு நேரம் போடறான்?’ என்று கேட்பார்கள். நெல் போகிறது என்பதால்தான் போடுகிறான்.

பழைய ஸ்டேஷன் கட்டடங்களை இடித்துவிட்டுக் கண்ணாடி முகப்பு வைக்கிறார்கள். உங்களுக்கு வயிறு எரியவில்லையா? — தஞ்சாவூர்

கொஞ்சம் எரியும். முழுக்க எரியாது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டின தடிச் சுவர், மங்களூர் ஓடு, மரக் கிராதி. சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் உட்காரலாம். அதை இடிப்பவர்களுக்கு அந்த அறையில் ஒரு மதியம் டூட்டி போடவேண்டும். ஆனால் அதே கட்டடத்தில் சக்கர நாற்காலி ஏறாது, பெண்கள் கழிப்பறை பின்புறம் முள்ளுக்குள் இருக்கும். இதையும் சொல்லவேண்டும் இல்லையா?

சிதைவு இடிப்பதால் மட்டும் வருவதில்லை. பிராட் கேஜ் வண்டிக்குப் பிளாட்பாரத்தை உயர்த்துகிறார்கள். பல ஊர்களில் பழைய கட்டடம் அப்படியே பள்ளத்தில் நின்றுவிட்டது. முன்பு படியேறிப் போன புக்கிங் ஆபீசுக்கு இப்போது படியிறங்கிப் போகிறோம். மழை பெய்தால் பிளாட்பாரத்துத் தண்ணீர் உள்ளே. அதற்கு ஒரு வடிகால் கேட்டு யாரும் எழுதுவதில்லை.

ஒன்று செய்யுங்கள். அடுத்த தடவை ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் பிளாட்பாரக் கூரையின் தூணைக் கவனியுங்கள். பல இடங்களில் அது பழைய தண்டவாளம். தேய்ந்து கழித்த தண்டவாளத்தை வெட்டித் தூணாக நட்டுவிடுவது ரயில்வேயின் சிக்கனம். அதன் இடுப்புப் பகுதியில் அதைச் செய்த கம்பெனியின் பெயரும் வருஷமும் புடைப்பாக இருக்கும். எத்தனையோ தடவை பெயிண்ட் அடித்திருப்பார்கள், விரலால் தடவினால்தான் எழுத்து தட்டுப்படும். கட்டடத்தைவிட வயதான தூணெல்லாம் இருக்கிறது.

எங்கள் ஊரில் பாசஞ்சர் மட்டும்தான் நிற்கிறது. ஒரு எக்ஸ்பிரஸாவது நிற்கவேண்டும் என்று மனு எழுதி, ஊர் பூராவும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம். நிற்குமா? — கோவில்வெண்ணி

கரிகாலன் ஜெயித்த ஊர். உங்களுக்கு மனு ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் கையெழுத்தை மட்டும் வைத்து நிறுத்தம் வாங்கினவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

ரயில்வே கேட்பது ஒரே கேள்வி: நின்றால் எத்தனை டிக்கெட்? இரண்டு நிமிஷ நிறுத்தம் என்று அட்டவணையில் போட்டாலும், வேகத்தைக் குறைத்து, நின்று, மறுபடி பழைய வேகத்துக்கு வர அஞ்சாறு நிமிஷம் போய்விடும். அந்த நிமிஷத்துக்கு விலை உண்டு. அதனால் முதலில் சோதனை முறையில் சில மாதம் நிறுத்திப் பார்ப்பார்கள். அதில்தான் பல ஊர்கள் கோட்டை விடுகின்றன. வண்டி நிற்கிறது, கூட்டமும் ஏறுகிறது, ஆனால் கணக்கில் டிக்கெட் இல்லை. எப்படி என்கிறீர்களா? ரிசர்வேஷனில் இடம் கிடைக்கட்டும் என்று வண்டி புறப்படுகிற ஊரிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டு, ஏறுமிடத்தை மட்டும் உங்கள் ஊர் என்று மாற்றிக்கொள்வார்கள். காசு அந்த ஊர் கணக்கில் ஏறிவிடும். உங்கள் ஸ்டேஷனுக்குப் பூஜ்யம். செல்போனில் சாதா டிக்கெட் எடுக்கிற பிள்ளைகளும் அப்படித்தான், பக்கத்துப் பெரிய ஊரைப் போட்டு எடுத்துவிடுவார்கள்.

ஆகவே இன்றைக்கே தொடங்குங்கள். பாசஞ்சருக்கு எடுக்கிற பத்து ரூபாய் டிக்கெட்டானாலும் உங்கள் ஊரிலிருந்து என்று எடுங்கள். மாதப் பயணச்சீட்டு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் தினமும் வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்கள் எத்தனை பேர், எந்த நேரத்து வண்டி உங்களுக்குப் பொருந்தும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துகளுக்கு மேலே வையுங்கள். ‘எல்லா எக்ஸ்பிரஸும் நிற்கவேண்டும்’ என்று எழுதாதீர்கள். ஒரு வண்டியின் எண்ணைக் குறிப்பிட்டு, அது ஒன்றைக் கேளுங்கள். மனு திருச்சி கோட்ட மேலாளர் அலுவலகத்துக்கு, ஒரு நகல் உங்கள் தொகுதி எம்.பி.க்கு. முடிவெடுப்பது டெல்லியில் ரயில்வே போர்டு, அதனால் எம்.பி. நகலை மறக்கவேண்டாம். தமிழிலேயே எழுதலாம்.